முப்பத்தெட்டு கிலோ

அந்தக் கார் பட்டறைக்கு வந்து சேர்ந்தது ஒரு மத்தியான வேளை. இழுவை வண்டியிலிருந்து அதை இறக்கிவிட்ட ஆள் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விட்டால் போதும் என்று கிளம்பிவிட்டான்.

பெரியவள் வாசலில் நின்று பார்த்தாள். வெள்ளை நிறம், ஐந்து கதவு, சின்ன எஞ்சின். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்கென்றே செய்த கார். முன்சக்கரங்கள் இரண்டும் இழுக்கும். பின்சக்கரங்கள் கூடவே உருண்டு வரும், அவ்வளவுதான். ரோட்டில் போனால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அக்காவும் தங்கையும் இப்படிப்பட்ட கார்களைத்தான் வாங்கி, உரித்து, முறுக்கேற்றி, பந்தயத்தில் விடுவார்கள். பெரியவள் மெக்கானிக், சின்னவள் ஓட்டுகிறவள்.

பழைய இரும்புக் கடைக்காரர் அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். "கண்ணாடிய இறக்கியே வெச்சுக்கம்மா. கொஞ்ச நாள் மூடிக் கிடந்த வண்டி," என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கொஞ்ச நாளாம்! கதவைத் திறந்ததும் பெரியவள் இரண்டடி பின்னால் போனாள். மின்சாரம் போன வீட்டில் பத்து நாள் பூட்டிக் கிடந்த ஃப்ரிட்ஜைத் திறந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு நாற்றம். அதன் அடியில் லேசாக ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பெரியவளுக்கு அழுக்கு ஆகாது. மெக்கானிக் வேலைக்கு வந்துவிட்டு அழுக்கு ஆகாதென்றால் ஊர் சிரிக்கும்தான். ஆனால் ஆயிலும் கிரீஸும் அவளுக்கு அழுக்கே இல்லை. மனிதர்கள் வண்டிக்குள் விட்டுப் போவதுதான் அழுக்கு: சீட்டுக்கு அடியில் கடித்துத் துப்பிய நகம், தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, கதவுப் பையில் காய்ந்துபோன கைக்குட்டை. நாளைக்கு நாலு தடவை பிரஷ் போட்டு நகம் தேய்ப்பாள்.

"அக்கா, வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம்," என்றாள் சின்னவள், சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டு. ஆனால் அவள் கண் ஏற்கெனவே காரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

திருப்பிக் கொடுக்க முடியாது. போன வருடம் சின்னவள் கடைசிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். வந்து என்ன? முடிந்ததும் காரை ஓட்டுநரோடு சேர்த்து எடை போடுவார்கள். எண்ணூறு கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் தகுதி நீக்கம். கூடினால் யாரும் கேட்கமாட்டார்கள், கார்தான் ஓடாது. சரியாக எண்ணூறில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வித்தை. அன்றைக்கு இரண்டு கிலோ குறைந்தது. பெரியவளின் கணக்குப் பிசகு. சின்னவள் ஒரு வாரம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். அம்மா போன நாளிலிருந்து அவளுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் பெரியவள்தான். அந்த ஒரு வாரத்தை அவளால் மறக்க முடியவில்லை.

எனவே மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு காரை உரிக்க ஆரம்பித்தாள்.

பின்சீட்டை வெளியே இழுத்துப் போட்டபோது, அதன் இடது பக்கத்தில் பஞ்சு இல்லை. உறையைக் கிழித்து, உள்ளேயிருந்த பஞ்சை யாரோ வாய் வாயாகக் கடித்து எடுத்திருந்தார்கள். கடித்த விளிம்பு பிறை பிறையாக இருந்தது.

"எலி," என்றாள் பெரியவள்.

ஒரு எலிக்கு அவ்வளவு அகலமான வாய் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எலி என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் குப்பையில் போட்டாள்.

கம்பளத்தையும், சத்தத்தை அடக்க ஒட்டியிருக்கும் தார் அட்டையையும் சுரண்டினாள். வெறும் தகரம் தெரிந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தாள். மறுநாள் காலையில் இடது பின்பக்கத் தரையில் மட்டும் மஞ்சளாக ஏதோ கசிந்து நின்றது. மெக்கானிக் பழக்கம், விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தாள். ஆயில் இல்லை, பிரேக் திரவம் இல்லை. வெதுவெதுப்பாக, வழவழவென்று, விரலை விட்டுப் போகமாட்டேன் என்றது. கறி வறுத்த சட்டியில் உறைந்து நிற்குமே, அந்தக் கொழுப்பு. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

துடைத்தாள். அடுத்த நாளும் வந்தது.

மூன்றாம் நாள் காரை எடைத்தட்டுகளில் ஏற்றினாள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தட்டுகள். நாலு மூலையிலும் எத்தனை கிலோ என்று, அவற்றோடு இணைத்த பெட்டியில் எண் விழும். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் எடை போட்டு எழுதி வைத்திருந்தாள். கணக்குப்படி வெறும் கார் எழுநூற்று நாற்பத்தைந்து வரவேண்டும். சின்னவள் ஐம்பத்தைந்து. சேர்த்தால் எண்ணூறு.

எழுநூற்று எண்பத்துமூன்று காட்டியது.

முப்பத்தெட்டு கிலோ கூடுதல். அத்தனையும் இடது பின்சக்கரத்தின் தட்டில்.

தட்டுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். அதே முப்பத்தெட்டு. பழைய விபத்தை மறைக்க யாராவது பட்டி பூசியிருப்பார்கள் என்று விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். மெல்லிய தகரம் கணீரென்றது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நாற்றம் மட்டும் முகத்துக்கு நேரே, யாரோ வாயைத் திறந்து வைத்திருப்பதுபோல, விட்டு விட்டு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே காரைத் தலைமுழுகியிருப்பார்கள். பெரியவள் செய்ததை அவள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் செய்வார்கள். எடைத்தட்டு பொய் சொல்லாது என்று நம்பி, இல்லாத ஒன்றின் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பின்கண்ணாடியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வைத்தாள். கதவுகளின் உள்தகரத்தை வெட்டி எறிந்தாள். இரும்பு இருந்த இடத்தில் அலுமினியம் போட்டாள். முப்பத்தெட்டு கிலோவையும் வேறு இடங்களிலிருந்து குறைத்துவிட்டு, ஆடுகிற மேஜைக்குக் காகிதம் மடித்து வைப்பதுபோல, ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் வளையங்களைத் திருகி நாலு மூலையையும் சமன் செய்தாள். சின்னவளை உட்காரவைத்ததும் பெட்டியில் எண்ணூறு விழுந்தது. அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை.

முதல் பயிற்சியிலேயே கார் பறந்தது.

இந்த வகைக் கார்கள் வளைவில் திரும்பும்போது, கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கும். அன்று ஓடிய அத்தனை கார்களும் தூக்கின. சின்னவளின் கார் மட்டும் எத்தனை கடுமையான இடது வளைவிலும் தூக்கவில்லை. நாலு காலும் தரையில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. ஒரு சுற்றுக்கு மூன்று நொடி மிச்சம். ஓரமாக நின்றிருந்த மற்ற மெக்கானிக்குகள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தார்கள்.

"அக்கா, எப்படிக்கா செஞ்சே?" இறங்கியதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள் சின்னவள். "வளைவு வர்றதுக்கு முன்னாடியே பின்னாடி யாரோ நமக்காகச் சாயற மாதிரி இருக்கு!"

பெரியவள் சிரிக்க வாயெடுத்தாள். தங்கையின் பின்கழுத்தில், காலருக்கு மேலே, மஞ்சளாக ஒரு பிசுக்கு பளபளத்தது. கட்டைவிரல் அகலம். நாக்கால் இழுத்த மாதிரி நீளமாக.

துணியை எடுத்துத் துடைத்துவிட்டாள். அன்றிரவு கையை எத்தனை முறை கழுவியும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமும் எடை போட்டார்கள். எண்ணூறு. பெரியவளுக்கு நிம்மதி. அப்புறம்தான் நாலு மூலை எண்களையும் தனித்தனியாகப் பார்த்தாள். முன்பக்கம் குறைந்திருந்தது. இடது பின்பக்கம் கூடியிருந்தது. தங்கையை இறக்கித் தட்டில் தனியாக நிறுத்தினாள். ஐம்பத்தொன்று.

"நாலு கிலோ குறைஞ்சுட்டியாடி?"

"நல்லதுதானே! நீ ஒரு கிலோ குறைக்க ராத்திரி பகலா ராவிக்கிட்டு இருக்கே. நான் சும்மா உக்காந்தே குறைச்சுட்டேன் பாரு."

நல்லதா? எண்ணூறு எண்ணூறாகவே இருக்கிறதே! தங்கையிடம் குறைந்த நாலு கிலோ எங்கேயும் போகவில்லை. காருக்குள்ளேயே, பின்னால், வேறொரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முட்டை, பால், வெண்ணெய் தடவிய ரொட்டி என்று பெரியவள் திணித்தாள். சின்னவளும் மறுக்காமல் தின்றாள். மூன்றாம் வாரம் நாற்பத்தாறு. கன்னம் ஒட்டியது. கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது. காரில் பெல்ட்டை இறுக்கினால் தோள் எலும்பில் போய் இடித்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார்.

"ஓட்டினது போதும்," என்றாள் பெரியவள்.

"கடைசிப் பந்தயம் ஒண்ணுதான் இருக்கு. போன வருஷம் உன் கணக்காலதானே போச்சு?"

பெரியவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனாள்.

பந்தயத்தன்று காலை எட்டு மணி, நல்ல வெயில். பட்டறைக் கதவைத் தள்ளியதும் ஈக்களின் ரீங்காரம் கேட்டது. காருக்குள் இடது பின்பக்கம் ஒரே ஈ. தரையிலோ தகரத்திலோ அவை உட்காரவில்லை. தரைக்கு மேலே, அந்தரத்தில் உட்கார்ந்திருந்தன.

முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு ஆளின் உருவத்தில்.

தலை இருக்க வேண்டிய இடத்தில் ஈக்கள் கொத்தாக மொய்த்து, நடுவில் ஒரு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டிருந்தன. அந்த ஓட்டை திறந்தது. மூடியது. திறந்தது.

பெரியவள் கதவைச் சாத்திவிட்டு, "நான் வர்றவரைக்கும் வண்டியத் தொடாதே!" என்று வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பழைய இரும்புக் கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதை எங்கிட்ட வித்தவனும் பந்தயக்காரன்தாம்மா. போலீஸுக்குத் தெரியாம மலை ரோட்டுல ஓட்டறவன். வளைவுல பின்சக்கரம் தூக்குதுன்னு பின்னாடி ஒரு ஆளக் குந்த வெச்சிருந்தான். மணல் மூட்டை சாயாதாமே. ஆளுன்னா வளைவுக்கு ஏத்த மாதிரி சாய்வானாம்."

"யாரு அந்த ஆளு?"

"யாருமில்லாத ஆளு. பேருகூடத் தெரியாது. பாரம், பாரம்னுதான் கூப்பிடுவாங்க. முப்பத்தெட்டு கிலோவத் தாண்டக் கூடாதுன்னு கண்டிஷன். தினம் தராசுல நிறுத்துவான். நாளைக்கு ஒரு ரொட்டி. வெளிய போனா எதையாவது எடுத்துத் தின்னுடுவான்னு வண்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டிடுவான்."

"அப்புறம்?"

"பெரிய பந்தயத்துக்கு மூணு நாள் முன்னாடி உள்ளயே செத்துட்டான். அந்தப் படுபாவி இறக்கல. வேற பாரம் தேட நேரமில்லைன்னு அப்படியே பெல்ட்டால கட்டி ஓட்டினான். ஜெயிச்சான்."

"செத்தவன் எப்படி வளைவுக்குச் சாய்வான்?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று பெரியவளுக்கு உறைத்தது. ஒரு மனிதனைப் பட்டினி போட்டுக் கொன்ற கதையைக் கேட்டுவிட்டு, அவள் வாயில் முதலில் வந்தது மெக்கானிக்கின் சந்தேகம்.

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சாஞ்சான்னுதான் சொல்றாங்க," என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது அவளுக்கு. அந்தப் படுபாவிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவன் பாரத்துக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கைத் திருகினான், அவளும் திருகினாள். இப்போதுகூட, பாரம் இறங்கிவிட்டால் சுற்றுக்கு மூன்று நொடி போய்விடுமே என்று மண்டையின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மூலையைக் கழற்றி எறிய முடிந்தால் எறிந்திருப்பாள்.

பட்டறை காலியாக இருந்தது. சின்னவள் காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பெரியவள் மைதானத்துக்குள் ஓடிய நேரத்தில் கடைசிச் சுற்று. வெள்ளைக் கார் எல்லோருக்கும் முன்னால் வந்தது. இடது வளைவில் அதன் பின்மூலை தரையோடு தரையாக அமுங்கியது. ஓட்டுநர் இருக்கையில் தலைக்கவசம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதற்குக் கீழே உடம்பு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சின்னவள் ஜெயித்துவிட்டாள்.

எடை மேடையில் கார் ஏறி நின்றது. எடை பார்க்கும் அதிகாரி எண்ணைப் படித்தார். "எண்ணூறு. அம்சமா நிறுத்திருக்கீங்களே!"

பெரியவள் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். நாற்றம் அறைந்தது. சின்னவள் தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். முகத்தில் தோலும் பல்லும்தான் இருந்தன.

"ஜெயிச்சுட்டோம்கா," என்று முனகினாள்.

"இறங்குடி."

"முடியல. பின்னாலேர்ந்து பிடிச்சிருக்கு."

பெரியவள் இடது கையைத் தங்கையின் தோளுக்குப் பின்னால் விட்டாள். கைக்கு ஒரு கை தட்டுப்பட்டது. ஈரம். வெதுவெதுப்பு. வழவழப்பான தோலுக்கு அடியில் விரல் எலும்புகள் தங்கையின் கழுத்தை வளைத்திருந்தன. உலகத்தில் எதைத் தொடக் கூசினாளோ, அதையெல்லாம் ஒன்றாகத் திரட்டி உள்ளங்கையில் வைத்ததுபோல இருந்தது. கையை எடுக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பசிக்குதா?" என்று இருட்டாகத் தெரிந்த பின்பக்கத்தைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "எங்கிட்ட வா. உன்னக் கணக்குல சேர்த்தவ நான்தான். இவ சின்னப் பொண்ணு. இவள விட்டுடு."

பிடி தளர்ந்தது.

தங்கையைத் தூக்கி வெளியே கொண்டுவந்தாள். துவைத்த துணி மூட்டைக் கனம்தான் இருந்தாள். எஞ்சினையும் கியர்பெட்டியையும் தூக்கிப் பழகிய கைகள் அவளுடையவை. தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். நாற்பத்தொன்று. மேடையின் எண் எழுநூற்று ஐம்பத்தொன்பதுக்கு இறங்கியது. சின்னவளை டயர் அடுக்கில் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அப்போது காரின் ஸ்பிரிங் ஒருமுறை முனகியது. இடது பின்மூலை நாலு விரற்கடை மேலே எழுந்தது. எண் எழுநூற்று ஏழு.

"என்னம்மா இது? ஐம்பத்திரண்டு கிலோ எங்க போச்சு?" அதிகாரி கத்தினார். "பாரத்த ஒளிச்சு வெச்சு இறக்கிட்டீங்களா? டிரைவரை மறுபடி ஏத்துங்க, நிறுத்துப் பார்க்கணும்!"

"வேணாம் சார். நாங்க தோத்துட்டோம்னே எழுதிக்குங்க," என்றாள் பெரியவள்.

அன்று சாயங்காலமே காரை இரும்புக் கடையின் அமுக்கும் எந்திரத்தில் போட்டு, அது பெட்டி அளவுக்குச் சுருங்கும்வரை நின்று பார்த்தாள். ஒரு ஈகூட வரவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் எடைத்தட்டில் ஏறி நின்றாள். வாக்குக் கொடுத்தவள் அவள்தானே. வரட்டும் என்று காத்திருந்தாள். அறுபத்திரண்டு. மறுநாளும் அறுபத்திரண்டு. பத்து நாளாகியும் அரைக் கிலோ குறையவில்லை. கழுத்தில் பிசுக்கும் இல்லை. பேச்சை நம்பி இறங்கியது, வழியிலேயே எங்கேயோ தொலைந்துவிட்டது என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கினாள்.

சின்னவள் நன்றாகச் சாப்பிட்டாள். நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டாள். உடம்பில்தான் ஒட்டவில்லை. பட்டினி கிடந்த உடம்பு, தேற நாளாகும் என்று பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம் சின்னவள் சோபாவில் சுருண்டு தூங்கிவிட்டாள். ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்கலாம் என்று பெரியவள் அவள் முதுகுக்கு அடியில் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினாள்.

தூக்க முடியவில்லை.

காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து மறுபடி தூக்கினாள். எலும்பும் தோலுமாகக் கிடந்த உடம்பு அசையவில்லை. சோபாவின் கால் நறநறவென்றது. பெரியவளின் கைகள் தாமாகவே எடையைச் சொல்லின. தொண்ணூற்று மூன்று.

நாற்பத்தொன்றும் ஐம்பத்திரண்டும்.

மெல்லக் கைகளை உருவிக்கொண்டாள். கழுவப் போகவில்லை. கொஞ்ச நேரம் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய், வீட்டில் இருந்த முட்டை அத்தனையையும் வேகவைத்து, உரித்து, தட்டில் கொண்டுவந்தாள். பசியெடுத்தால் அது யாரைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியும்.

"குட்டி, வாயத் திற," என்றாள்.

சின்னவள் கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள். பெரியவள் ஊட்டினாள். வீடு அமைதியாக இருந்தது.

ஒவ்வொரு வாய்க்கும், விழுங்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.